பத்துக்குக் கீழே

நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை இருந்தது. அதில் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து பெயர்களை அழித்துக்கொண்டிருப்பார். அதற்குத்தான் சம்பளம். ஆபீஸில் அவருக்கு ரப்பர் சார் என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். வருத்தப்படவில்லை. அதே மாடியில் 'ஊறுகாய்' என்று பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

விஷயம் இதுதான். அந்த நகராட்சி எண்ண முடிந்ததையெல்லாம் எண்ணும். பஸ் அட்டையை யார் எந்த நிறுத்தத்தில் தேய்த்தார்கள், எந்த வீட்டில் எப்போது குழாய் ஓடியது, நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் வாசலில் யார் காத்திருந்தார்கள், எல்லாம் அதற்கு வேண்டும். எதற்கு என்று கேட்டால் திட்டமிட என்பார்கள். திட்டம் வந்ததோ இல்லையோ, எண்கள் வந்து குவிந்தன. மக்களிடமிருந்து எடுத்ததை மக்களுக்கே காட்டிவிட வேண்டும் என்று மன்றத்தில் ஒரு தீர்மானமும் போட்டார்கள். ஜனநாயகம் என்றால் அப்படித்தானே. ஆனால் பெயரோடு காட்டினால் வம்பு. ஆகவே பெயர், கதவு எண், போன் எண், பிறந்த நாள் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தை வெளியே விட ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரும் கேட்டு வாங்காத வேலை யார் தலையில் விழும்? வாயைத் திறக்காதவர் தலையில்தான்.

பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார் என்பதை ரப்பர் சார் ஒரு நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டார். நகராட்சிக் குளத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஓர் அட்டவணை. அதில் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. பெயர் இல்லை, தெரு இல்லை. அவரும் சரி பார்த்து வெளியே விட்டுவிட்டார். அந்த ஒன்று யார் என்று ஊரில் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். பத்திரிகைக்காரர் போட்டோ எடுக்க வந்தார். பொழுது போகாதவர்கள் பார்க்க வந்தார்கள். கேலி செய்ய யாரும் வரவில்லை, பாராட்டத்தான் வந்தார்கள். ஆனால் ஈர உடையில் நின்றுகொண்டு பாராட்டு வாங்க எல்லாராலும் முடியுமா? அந்த அம்மாள் அதோடு குளத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ரப்பர் சாருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு விதி எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கினார். எந்தக் கட்டத்திலும் எண் பத்துக்குக் கீழே இருந்தால் அதைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். அந்த இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: கோடு என்பது பத்துக்குக் குறைவான எண்ணைக் குறிக்கும். பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால் அதற்கும் கோடுதான் போட வேண்டியிருக்கும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "உங்க ஆபீஸ்ல யாரையோ வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாமே, யாரு?" என்று மனைவி கேட்டால், "பத்துப் பேருக்குக் கீழ" என்பார். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் புகார் கவுண்டரில் உட்கார்பவர். நாள் முழுக்க ஊராரின் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வருபவருக்கு வீட்டில் ஒரு வம்புகூடக் கிடைக்காவிட்டால் எப்படி? "உங்ககிட்ட பேசறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம், அதுவாவது எதிரொலிக்கும்" என்பார். ஆனாலும் இருவரும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. இருந்தது ஒரு தம்பி.

ரப்பர் சாரின் தம்பி பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே பெற்றோரை இழந்து, இவர்களுக்குக் கல்யாணமான புதுசிலேயே இந்த வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுக்குத் தலை வாரிவிட்டது அண்ணி. அவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோது முதுகில் வைத்ததும் அண்ணிதான். வளர்ந்து, மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேர் பார்க்கும் கடை போட்டு, கடைக்கு மேலேயே குடியும் போனான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மட்டும் இங்கேதான். அவன் வராத ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஒருமுறை காய்ச்சலோடு வந்து, ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாமல், சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனான்.

அந்தத் தம்பி கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றான். காரணம் ஒரு ஸ்வெட்டர். கடை லைசென்ஸைப் புதுப்பிக்க நகராட்சிக்குப் போயிருக்கிறான். சம்பந்தப்பட்ட குமாஸ்தாவின் நாற்காலி முதுகில் ஸ்வெட்டர் தொங்கியது. "இங்கதான் இருக்காரு, இப்ப வந்துடுவாரு" என்றார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தும்வரை ஸ்வெட்டர் வேலை பார்த்தது, குமாஸ்தா வரவில்லை. மறுநாளும் அதே ஸ்வெட்டர். தம்பி அந்த இடத்திலேயே அரசியல்வாதி ஆகிவிட்டான். நகராட்சி ஆபீஸ் ஒவ்வொன்றின் வாசலிலும் முகம் பார்க்கும் மெஷின் வைப்பேன். ஊழியர் வந்த நேரம், போன நேரம், நடுவில் டீக்குப் போன நேரம் எல்லாம் பதிவாகும். அடுத்தபடி தெரு முனைக்குத் தெரு முனை அதே மெஷின். இதுதான் அவன் வாக்குறுதி. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு, எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்.

"ஒரு ஸ்வெட்டருக்காக ஊர்ல இருக்கற அத்தனை பேர் முகத்தையும் பிடிச்சு வைக்கணுமாடா?" என்று அண்ணன் கேட்டார்.

"தப்புப் பண்ணாதவனுக்கு என்ன அண்ணே கஷ்டம்?"

"அந்தப் போஸ்ட் ஆபீஸ் அம்மா என்ன தப்புப் பண்ணாங்க?"

"அவங்க நீச்சலடிச்சதுக்கும் என் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?"

ரப்பர் சார் விளக்க ஆரம்பித்தார். அவர் விளக்கத் தொடங்கினால் எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அண்ணி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "சாப்பிடற நேரத்துல எதுக்கு இதெல்லாம்" என்று முடித்துவைத்தார்.

இவர்கள் குடியிருந்தது நகராட்சி ஊழியர் குடியிருப்பு. சின்னக் குடியிருப்பு. ஆனால் அதற்கென்று தனி வாக்குச்சாவடி உண்டு. தம்பி அங்கேயும் ஓட்டுக் கேட்டு வந்தான். புலிக்கூண்டுக்குள் போய் இறைச்சியை விட்டுவிடச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், இல்லை வெகுளித்தனம் வேண்டும். அவனுக்கு இரண்டும் இருந்தது. குமாஸ்தாக்கள், டிரைவர்கள், பம்ப் ஆபரேட்டர்கள் எல்லாரும் உட்காரவைத்து டீ கொடுத்து, "உனக்கில்லாம யாருக்குத் தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினார்கள். டீ குடித்தே வயிறு உப்பிப்போய்க் கடைசியாக அண்ணன் வீட்டுக்கு வந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் எனக்குத்தானே அண்ணி?"

"கேக்கற கேள்வியப் பாரு" என்றார் அண்ணி. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாத தம்பி உலகத்தில் இருக்க மாட்டான். அண்ணனும் தலையை ஆட்டினார்.

உண்மையில் ரப்பர் சார் அவனுக்குப் போடுவதாக இல்லை. வாக்களிக்கப் போகும் வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்து ஓர் அரசாங்கம் தன் மக்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று தனக்கே தெரியக் கூடாது என்று மெனக்கெடுகிற இடம் இது ஒன்றுதான். மறைப்புத் தட்டி, மடிக்கிற காகிதம், பூட்டின பெட்டி என்று அவ்வளவு ஏற்பாடும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக. அந்தத் தட்டிக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் அவருக்குத் தன் உத்தியோகத்தின் மேல் ஒரு மரியாதை வரும். மனைவி அவருக்கு முன்னாலேயே போட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வாக்குச் சீட்டில் வேட்பாளர்களின் படம் இருந்தது. தம்பி படத்தில் போட்டிருந்தது ரப்பர் சாரின் சட்டை. இவன் என்றைக்கு இதை எடுத்துப்போனான் என்று யோசித்தார். காலர் பட்டனைச் சரியாகப் போடாமல், எடுத்து வளர்த்த அந்தப் பள்ளிக்கூடப் பையனின் அதே மூஞ்சியோடு அவன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், தன் சொந்தச் சட்டைக்கு எதிராக எப்படி ஓட்டுப் போடுவது? மெஷின் வந்து தன் முகத்தைப் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று தம்பிக்கே குத்திவிட்டு வந்தார். வெளியே வந்ததும் தன் மேலேயே கொஞ்சம் கோபம் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

எண்ணி முடித்தார்கள். சாவடி வாரியான கணக்கு, பொதுமக்களுக்கு வெளியிடும் முன்னால், வழக்கம்போல ரப்பர் சாரின் மேஜைக்கு வந்தது. சின்னச் சாவடிகளில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊகித்துவிடுவார்கள் என்பதால் தேர்தலுக்கும் அதே பத்து விதிதான். மேலேயிருந்து ஒவ்வொரு வரிசையாக வந்தார். ஊழியர் குடியிருப்பு என்ற வரிசையில், தம்பிக்கு நேரே, ஒன்று என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்றுதான். அந்த ஒன்று யார் என்று அவருக்குத் தெரியும். ஆகவே, யார் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரி. அவனுக்குத் தலை வாரிவிட்டவள். ரப்பர் சார் பேனாவைக் கீழே வைத்தார். அவள் போடாதது அல்ல அதற்குக் காரணம். போடாததற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு, அவர்கூடப் போடாமல் இருக்கத்தான் கிளம்பினார். தனக்கு அது தெரிந்துபோனதுதான் கஷ்டமாக இருந்தது. தட்டிக்குப் பின்னால் அவள் தனியாகச் செய்த ஒன்றை இவர் எட்டிப் பார்த்ததுபோல ஆகிவிட்டது. எத்தனையோ வருஷமாக ஊராரின் ரகசியங்களைப் பார்த்து, பார்த்த கையோடு மறந்து பழகிய மனுஷருக்கு இது ஒன்று மட்டும் மறக்கவில்லை. விதிப்படி அந்த ஒன்றைப் பக்கத்துச் சாவடியோடு சேர்த்தார். அந்த இடத்தில் கோடு போட்டார். வீட்டுக்குப் போனதும் வாயைத் திறக்கவில்லை. அது அவர் வழக்கம்தான் என்பதால் மனைவிக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

தம்பி ஜெயித்துவிட்டான். ஸ்வெட்டரைப் பார்த்துக் கொதித்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். கடை வாசலில் கூட்டம், கைகுலுக்கல். பக்கத்துக் கடைக்காரர், ஜெராக்ஸ் எடுப்பவர், நன்றி சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று சாவடி வாரியான அட்டவணையைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டினார். கோடு இருந்த இடத்தில் கோட்டைப் போட்டால் கூட்டல் வரமாட்டேன் என்றது. ஆகவே கோட்டை எடுத்துவிட்டு பூஜ்யம் போட்டார். கூட்டல் வந்துவிட்டது. தம்பி சுவரைப் பார்த்தான். ஊழியர் குடியிருப்பு: பூஜ்யம்.

அன்றே அண்ணனைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினான். அவர் உள்ளே நுழைந்தபோது ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒருத்தர்கூடப் போடலியா அண்ணே? நீகூடவா?"

"அது பூஜ்யம் இல்லடா. நாங்க வெளியிட்டதுல கோடு. கோடுன்னா பத்துக்குக் கீழ."

"பூஜ்யமும் பத்துக்குக் கீழதானே?"

ரப்பர் சார் யோசித்தார். "ஆமா" என்றார்.

"அப்ப எத்தனைதான் விழுந்துச்சு? நீதானே கோடு போடற ஆளு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லு."

"சொல்லக் கூடாது."

தம்பி திருப்புளியைக் கீழே வைத்தான். "நான் உன் கூடப்பொறந்தவன். என் ஓட்டு எத்தனைன்னு எனக்கே சொல்ல மாட்டியா?"

"அது உன் ஓட்டு இல்லடா. போட்டவங்க ஓட்டு."

இந்தப் பதில் சரியான பதில். ஆனால் சரியான பதிலைச் சொல்வதற்கும் ஒரு நேரம் காலம் உண்டு. தம்பி திருப்புளியை எடுத்துக்கொண்டு மின்விசிறிப் பக்கம் திரும்பிவிட்டான். "சரி போ. கோட்டுக்குப் பின்னால நின்னுகிட்டு நல்லாத்தான் பேசற" என்றான். அன்று மாலையே அண்ணிக்குப் போன் பண்ணி, "உங்க சாவடில எனக்குப் பூஜ்யம். நீங்களுமா அண்ணி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அண்ணி பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

அன்றைக்கு ரப்பர் சாருக்கு வீட்டில் நடந்த உபசாரம் வேறு மாதிரி இருந்தது. மனைவி டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வழக்கமாக மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

"நீங்களும் போடலியா?" என்றார் மெதுவாக.

ரப்பர் சார் டீயைப் பார்த்தார்.

"சொல்ல வேணாம். உங்ககிட்ட கேட்டா பத்துப் பேருக்குக் கீழன்னுதான் சொல்லுவீங்க." பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஆனா உங்களுக்கு இவ்வளவு துணிச்சல் இருக்கும்னு நான் நினைக்கல. தம்பின்னு பாக்காம, சரின்னு பட்டதச் செஞ்சீங்களே."

மனைவி அவரைப் புகழ்ந்து வெகுநாளாகியிருந்தது. போட்டேன் என்று சொன்னால் இந்தப் புகழ் போய்விடும். அதோடு, நீ போடவில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாகவும் ஆகிவிடும். ரப்பர் சார் டீயைக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அண்ணி மீன் வாங்குவதை நிறுத்தவில்லை. மூன்று பேருக்குச் செய்துவிட்டு, மூன்றாவது பங்கை மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் அதையே திறந்து சாப்பிடுவார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார். "அவனுக்குக் கோபம்னா கோபம்தான், நானே கெடுத்து வச்சிருக்கேன்" என்பார். புகார் கவுண்டரில் யாரோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்தியபோது, அண்ணியும் திருப்பிக் கத்திவிட்டதாக ஆபீஸில் பேச்சு வந்தது. அவர் அதுவரை யாரிடமும் கத்தியதில்லை. ரப்பர் சார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி இல்லாத மேஜையில் அவருக்கும் சாப்பாடு ருசிக்கவில்லைதான். ஆனால் அவர் வாடியது கொஞ்சம். அவள் வாடுவதைப் பார்த்து வாடியது அதிகம்.

புதுக் கவுன்சிலர் இதற்குள் மேலதிகாரிக்கே எழுதிக் கேட்டுவிட்டார்: எல்லாச் சாவடிகளின் அசல் எண்களும் வேண்டும், வார்டு வளர்ச்சித் திட்டத்துக்காக. மேலதிகாரி அம்மாள் நல்லவர், தலைவலி ஆகாதவர். ரப்பர் சாரைக் கூப்பிட்டார்.

"உங்க தம்பிதானே. குடுத்துட்டா என்ன?"

"எந்தத் தெரு தனக்குப் போட்டுச்சுன்னு தெரிஞ்சா, எந்தத் தெருவுக்கு முதல்ல விளக்குப் போடணும்னு அவனுக்குத் தோணும் மேடம். அவன் நல்லவன்தான். நல்லவனுக்கும் தோணும்."

"நான் குடுக்கலேன்னா என் மேல பாய்வாரு."

"நான் குடுக்கலேன்னு சொல்லிடுங்க."

அம்மாள் அந்த வரியை ஆவலோடு அப்படியே எழுதிக்கொண்டார். பதில் கடிதம் போனது. தம்பிக்கு இருந்த கோபம் இரட்டிப்பாயிற்று. அண்ணன் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசலுக்குத்தான் முதல் மெஷின் என்று மன்றத்தில் அறிவித்துவிட்டான்.

கடைசியில் ரப்பர் சார் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனார். போகும் வழியில் எல்லாவற்றையும் யோசித்தாயிற்று. விழுந்தது ஒன்று, அது என்னுடையது என்று சொன்னால், அண்ணி போடவில்லை என்று தம்பிக்குத் தெரிந்துவிடும். இரண்டு விழுந்தது என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் எண்ணில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேண்டுமானால் ஆளை மாற்றிச் சொல்லலாம். அது அவர் தொழிலிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை. தான் கெட்டவனாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது பழையபடி ஆகும். இது அவருக்கு நல்ல ஏற்பாடாகவே பட்டது. கொஞ்சம் தியாகம் மாதிரியும் இருந்தது. தியாகம் செய்யக் கிளம்பினவனுக்கு நடுவழியில் புத்தி சொல்ல யாராலும் முடியாது.

"ஒண்ணு விழுந்துச்சு" என்றார், கடை வாசலில் நின்றபடியே.

தம்பி நிமிர்ந்தான். "யாரோடது?"

"உங்க அண்ணியோடது."

தம்பி திருப்புளியைத் துணியில் துடைத்தான். பிறகு, "நினைச்சேன்" என்றான். உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம், ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்துவிட்டான். அண்ணி கதவைத் திறந்து, அவனைப் பார்த்து, உள்ளே போய் மூன்றாவது தட்டை எடுத்துவைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது அடுப்புப் புகையால் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் அடுப்பு புகையாது. தம்பி அண்ணனுக்கு எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தான், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்பதற்காக.

"அண்ணி, நீங்க ஒருத்தராவது போட்டீங்களே. அது போதும் எனக்கு."

"எதப் போட்டேன்?" என்றார் அண்ணி, மீனை வைத்துக்கொண்டே.

"ஓட்டுதான். உங்க சாவடில எனக்கு ஒண்ணு விழுந்துச்சாம். உங்களோடதாம். அண்ணனே சொன்னாரு. நான்தான் அவசரப்பட்டு உங்ககிட்டயும் கோவிச்சுக்கிட்டேன்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். கணவரைப் பார்த்தார். கணவர் ஓர் உருளைக்கிழங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். அண்ணிக்குப் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. விழுந்தது ஒன்று. தான் போடவில்லை. அப்படியானால் போட்டவர் இவர். எண்ணின நாளிலிருந்தே தன்னைப் பற்றி இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே டீயையும் வாங்கிக் குடித்திருக்கிறார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, அது என் ஓட்டு இல்ல. நான் உனக்குப் போடல."

தம்பிக்கு வாயில் வைத்தது இறங்கவில்லை. "ஏன் அண்ணி?"

"உன்னைப் பிடிக்கும். உன் மெஷினைப் பிடிக்கல. நாள் முழுக்க ஊர் மூஞ்சியெல்லாம் பாக்கறவ நான். நான் எப்ப வர்றேன், எப்ப எழுந்து போறேன், எப்ப அழுதுட்டு முகம் கழுவிட்டு வர்றேன்னு ஒரு மெஷின் பாத்து எழுதி வைக்க வேணாம்னு தோணுச்சு. உன்கிட்ட நேரா சொல்லியிருக்கணும். மனசு வரல. அதுக்குத்தானே அந்தத் தட்டிய வச்சிருக்காங்க."

தம்பி மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினான். அத்தனை வாரம் கழித்து அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தான். "அப்ப அது உன்னோடதா?"

"ஆமா."

"எனக்குப் போட்டுட்டு, போடலேன்னு ஏன் சொன்ன?"

"நான் இல்லேன்னா உனக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. இவ இல்லேன்னா ஆகும்" என்றார் ரப்பர் சார். "அவளுக்கும் ஆகும். மீன் வாராவாரம் மிஞ்சுது."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனின் முழங்கையைத் தொட்டான். ரப்பர் சார் மீனை அவன் பக்கம் நகர்த்தினார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்தார். அண்ணி அப்படி நினைக்கவில்லை.

"ஊர்ல இருக்கற அத்தனை பேர் பேரையும் பொத்திப் பொத்திக் காப்பாத்தறீங்க" என்றார் கணவரிடம். குரல் உயரவில்லை. "என் பேரை எடுத்து இவன்கிட்ட நீட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்கு நல்லதுன்னுதான்..."

"இவனும் அதத்தான் நோட்டீஸ்ல போட்டிருக்கான்."

ரப்பர் சார் கையில் எடுத்த உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில், கேட்காமல் ஒருவரின் பெயரை வெளியே விட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் பொய்யாக. அதுவும் தன் வீட்டில். அந்தத் தபால் ஆபீஸ் அம்மாள் விஷயத்துக்குப் பிறகு அவருக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. "கேட்டிருக்கணும்" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றார் மனைவியும்.

தம்பி கொஞ்சம் நெளிந்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அண்ணி, இது வெளிய யாருக்கும் தெரிய வேணாம். கவுன்சிலருக்கு அவன் வீட்டுலயே போடலேன்னா ஊர்ல என்ன பேசுவாங்க..."

"என் ஓட்டு" என்றார் அண்ணி. "சொல்லணும்னு தோணினா சொல்லுவேன். தோணலேன்னா சொல்ல மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் அதுல வேலை இல்ல. சாப்பிடுங்க."

அண்ணனும் தம்பியும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். மீன் ஆறிப்போயிருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.